ஒட்டிப்போன ஹீட்டர் ஹோஸ்: உருவுவதா, அறுப்பதா, பைபாஸா?

வண்டிக்கு வயது பதினைந்தோ இருபதோ. கூலண்ட் டேங்கில் அளவு மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கிறது. பானட்டைத் திறந்து பார்த்தால், எஞ்சினுக்குப் பின்னால், கேபினைப் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டுக்குள் நுழையும் இரண்டு ரப்பர் ஹோஸ்களில் ஒன்றின் முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கிறது. கேபினுக்குச் சூடு தரும் ஹீட்டர் காயில் டாஷ்போர்டுக்குள் இருக்கிறது; எஞ்சினின் சூடான கூலண்டை அதற்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருபவைதான் இந்த ஹீட்டர் ஹோஸ்கள். மெக்கானிக் கிளாம்பைத் தளர்த்தி, ஹோஸைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிப் பார்க்கிறார். அசையவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார்: “சார், இதைய இழுத்தா உள்ள இருக்கற காயிலும் சேந்து வந்துருமுங்க. பேசாம பைபாஸ் போட்டு உட்டுறலாங்களா?”

பைபாஸ் என்றால் கூலண்ட் காயிலுக்குப் போகாதபடி இரண்டு ஹோஸையும் வெளியிலேயே இணைத்துவிடுவது. இந்த இடத்தில் வந்து நிற்பவர்கள்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். 800, ஜென், எஸ்டீம், பழைய சான்ட்ரோ, பாலியோ, இண்டிகா என்று வண்டி மாறும்; கேள்வி மாறாது. ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வண்டிக்குச் சரியாகத்தான் இருக்கும். உங்கள் வண்டிக்கு எது என்பதைப் பிரித்துப் பார்க்கலாம்.

## ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது

ஹீட்டர் ஹோஸ் பெரும்பாலும் இ.பி.டி.எம். ரப்பர். பல வருஷம் சூடும் குளிருமாக மாறி மாறிக் கிளாம்பின் இறுக்கத்தில் உட்கார்ந்திருந்தால், ரப்பர் குழாயின் மேடு பள்ளத்துக்குள் இறங்கி அப்படியே அச்சாகிவிடும். குழாய் அலுமினியமாக இருந்தால் ரப்பருக்கு அடியில் வெள்ளைப் பொடியாக அரிப்பு வளர்ந்து இன்னும் இறுக்கும். இது போதாதென்று, முன்பு யாராவது கசிவை நிறுத்த முனையில் சிலிகான் கேஸ்கெட் பேஸ்ட்டைப் பூசி மாட்டியிருப்பார்கள். அது பசையேதான். கூலண்ட் ஊற்றாமல் போர் தண்ணீரிலேயே ஓடிய வண்டி என்றால் உப்புப் படிவமும் சேர்ந்துகொள்ளும்.

குழாயின் முனையில் சிறு விளிம்பு ஒன்று உண்டு, ஹோஸ் கழன்று வராமலிருக்க. கழற்றும்போதும் அதேதான் தடுக்கும். ஹோஸைப் பிடித்து இழுத்தால் ரப்பர் நீண்டு மெலிந்து குழாயை முன்னைவிட இறுகப் பிடிக்கும். இழுக்க இழுக்க வராததற்குக் காரணம் இதுதான். பின்னாலிருந்து தள்ளினால் நகரும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது ஹோஸை அல்ல, அது மாட்டியிருக்கும் குழாயை. ஹீட்டர் காயிலின் குழாய் மெல்லிய தகடு. பழைய வண்டிகளில் பித்தளை அல்லது செம்பு, பிந்தையவற்றில் அலுமினியம். பிளையர் போட்டு முறுக்கினால் உடைவது குழாய்க்கும் காயிலின் டேங்குக்கும் நடுவே உள்ள பற்றுவைப்பு. அது டாஷ்போர்டுக்குள் இருக்கிறது. நூறுகளில் முடிய வேண்டிய செலவு ஆயிரங்களுக்குத் தாவும் இடம் அதுதான். ஆகவே எந்த வழியை எடுத்தாலும் கேட்க வேண்டியது ஒன்று: இந்த வேலையில் குழாய்க்கு எவ்வளவு அடி விழும்?

இரண்டாவது, உங்களுக்கு ஹீட்டர் தேவையா. சென்னையிலும் திருச்சியிலும் மட்டும் ஓடும் வண்டிக்கு வருஷம் முழுக்க அந்தக் குமிழைத் திருப்பும் வேலையே இருக்காது. ஊட்டி, குன்னூர், கொடைக்கானல், வால்பாறை என்று போய் வருபவருக்கும், அங்கேயே குடியிருப்பவருக்கும் கதை வேறு. மார்கழி அதிகாலையில் கண்ணாடியின் உள்பக்கம் படியும் பனியைப் போக்க ஹீட்டரின் சூடான காற்றைப்போல் வேறில்லை.

மூன்றாவது, மீதமுள்ள ஹோஸின் ஆயுள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ஹோஸை விரலால் அமுக்கிப் பாருங்கள். நடுவில் ஓரிடத்திலும் இரு முனைகளிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குள்ளும் அமுக்க வேண்டும். நடுவில் கெட்டியாக இருந்து முனையில் மட்டும் தொளதொளவென்று அமுங்கினால், உள்ளிருந்து வெடிப்பு வந்திருக்கிறது. கூலண்டும் உலோகக் குழாயும் ரப்பரிலுள்ள கரியும் சேர்ந்து ஒரு சிறு பேட்டரி மாதிரி வேலை செய்து ரப்பரை உட்பக்கமாக அரிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் புத்தம் புதிதாகத் தெரியும். அமுக்கும்போது மொறுமொறுவென்று சத்தம் வந்தால் சூட்டில் காய்ந்துவிட்டது. ஊறிய பஞ்சு மாதிரி வீங்கியிருந்தால் டேப்பட் கவர் கேஸ்கெட்டிலிருந்து ஆயில் சொட்டுகிறதா என்று பாருங்கள், இ.பி.டி.எம். கூலண்டைத் தாங்கும், ஆயிலைத் தாங்காது.

நான்காவது, கை போகும் இடம். சில வண்டிகளில் ஃபயர்வால் குழாய் கண்ணெதிரே இருக்கும். சிலவற்றில் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால், இரண்டு விரல் மட்டும் நுழையும் சந்தில். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பது இந்த வேலைக்கென்றே சொன்னதுபோல் இருக்கும். அந்தச் சந்துக்குள் ஒரு தடவை இறங்கிவிட்டால், இரண்டு ஹோஸையும் மாற்றிவிட்டுத்தான் ஏறவேண்டும்.

கடைசியாக, வண்டியை எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள். 15 வருஷம் முடிந்து ஆர்.சி.யை அடுத்த 5 வருஷத்துக்குப் புதுப்பித்தவரும், தீபாவளிக்குள் தள்ளிவிடலாம் என்றிருப்பவரும் ஒரே செலவைச் செய்யத் தேவையில்லை.

## ஒரு பார்வையில்

| வழி | குழாய்க்கு ஆபத்து | ஹீட்டர் இருக்குமா | கூலி | எத்தனை நாள் தாங்கும் | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| முழுசாக உருவி, அதையே மாட்டுவது | அதிகம் | இருக்கும் | நேரத்தைப் பொறுத்து | ஹோஸின் மிச்ச ஆயுள் வரை | ஹோஸ் புதிது, மாற்று கிடைக்கவில்லை என்றால் |
| அறுத்து எடுத்துப் புதிது போடுவது | குறைவு, கத்தி பிடித்த கையைப் பொறுத்தது | இருக்கும் | நடுத்தரம் | பல வருஷம் | பெரும்பாலானவர்களுக்கு |
| முனையை விட்டுவிட்டு ஜாயின்ட் போடுவது | இல்லை | இருக்கும் | குறைவு | பழைய முனை தாங்கும் வரை | வழியில் நின்றவர்களுக்கு |
| பைபாஸ் | ஏறக்குறைய இல்லை | போய்விடும் | குறைவு | பல வருஷம் | சமவெளி வண்டி, காயில் கசிவு |
| காயிலோடு மாற்றுவது | கவலையே இல்லை | புதிதாகும் | மிக அதிகம் | பல வருஷம் | மலைக்காரர்கள், காயில் போனவர்கள் |

அட்டவணை சொல்லாத சங்கதிகள்தான் செலவை இழுத்துவிடும். அவற்றைக் கீழே சொல்கிறேன்.

## முழுசாக உருவி, அதையே திரும்ப மாட்டுவது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், எல்லோரும் முதலில் முயல்வது இதைத்தான். நான் கடைசியில் வைத்திருப்பேன்.

எஞ்சின் இறக்குகிறார்கள், காயிலுக்குள் தண்ணீர் விட்டு அலசுகிறார்கள், ஹோஸ் போட்டு இரண்டு மூன்று வருஷம்தான் ஆகிறது என்றால் உருவி எடுப்பதில் அர்த்தம் உண்டு. வளைவு வளைவாக அச்சில் வார்த்த ஹோஸ், உங்கள் மாடலுக்கு இப்போது எங்கேயும் வரவில்லை என்றாலும் வேறு வழியில்லை.

முறை இதுதான். கிளாம்பை முழுசாகப் பின்னுக்கு நகர்த்திவிடுங்கள். ஹோஸ் முனையின்மேல் கொதிநீரை மெல்ல ஊற்றுங்கள், ரப்பர் இளகும். முனை மழுங்கிய கொக்கி ஒன்றைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ரப்பருக்கும் குழாய்க்கும் நடுவே செலுத்திச் சுற்றிவர ஓட்டுங்கள். கூர்மையான கொக்கி குழாயில் கீறல் போடும், ரப்பரையும் கிழிக்கும். பிறகு ஹோஸ் முனைக்குப் பின்னால் ஓபன் ஸ்பேனரின் வாயை வைத்துத் தள்ளுங்கள். டபிள்யூ.டி.-40 மாதிரி எண்ணெய் எதையும் அடிக்க வேண்டாம். திரும்ப மாட்டப்போகும் ஹோஸை அது ஊற வைத்துக் கெடுக்கும்.

மறைந்திருக்கும் செலவு நேரமும் கோபமும். பத்து நிமிஷம் ஆகியும் ஹோஸ் அசையவில்லை என்றால், கை தானாகப் பெரிய பிளையரைத் தேடிப் போகும். அந்த நொடியில் வேலையை நிறுத்திவிட்டு அடுத்த வழிக்கு மாறிவிடுங்கள்.

## அறுத்து எடுத்துப் புதிய ஹோஸ் போடுவது

என் ஓட்டு இதற்குத்தான். பழைய ஹோஸுக்கு மரியாதை எதுவும் பாக்கி இல்லை. அதைக் காப்பாற்றப் போய்க் குழாயை இழப்பது முட்டாள்தனம்.

எப்படி அறுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் குழாய் முடியும் இடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் தள்ளி ஹோஸைக் குறுக்கே வெட்டிவிடுங்கள். கை போக இடம் கிடைக்கும், உள்ளே மிச்சமிருக்கும் கூலண்டும் வடிந்துவிடும். இப்போது குழாயின்மேல் இருப்பது ஒரு குட்டித் துண்டு மட்டும். அதைக் குறுக்காக வெட்டக் கூடாது, நீளவாக்கில் கீற வேண்டும். புது பிளேடு போட்ட கத்தியை ஏறக்குறையப் படுக்க வைத்துப் பிடித்தால், முதல் கீறலில் மேல் ரப்பர் பிரியும். உள்ளே வெள்ளையாக நூல் பின்னல் தெரியும். நூலை அறுத்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு அடியிலுள்ள ரப்பர் அடுக்கைக் கத்தியால் தொடவே கூடாது. தட்டை முனை ஸ்க்ரூடிரைவரைக் கீறலில் நுழைத்து நெம்பினால் அந்த அடுக்கு தானாகக் கிழியும். எதிர்ப்பக்கத்திலும் ஒரு கீறல் போட்டால், வாழைமரத்தின் பட்டையை உரிக்கிற மாதிரி இரண்டு பாதியாக உரிந்து வரும்.

உரித்த பிறகு குழாயை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், விரல் நகத்தால் தடவியும் பாருங்கள். நகம் தட்டுகிற அளவுக்கு நீளவாக்கில் கீறல் இருந்தால், எவ்வளவு இறுக்கினாலும் கூலண்ட் அந்த வாய்க்கால் வழியே வரும். வெள்ளைப் பொடியைப் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால் ஈரத்தோடு சுற்றிவரத் தேய்த்தாலே போகும். சொரசொரப்பான எமரி பேப்பர் வேண்டாம். பொடி போனதும் அடியில் ஊசி முனைக் குழிகள் தெரிந்தால், காயிலின் ஆயுளும் முடிந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி எந்த ஹோஸ். இதற்குள்ளும் மூன்று கிளைகள்.

கம்பெனி ஒரிஜினல், அதாவது அச்சில் வார்த்த ஹோஸ், வளைவுகளோடு வரும். எங்கேயும் மடியாது, எக்ஸாஸ்ட்டில் உரசாது. கிடைத்தால் இதையே வாங்குங்கள். சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் பழைய மாடல்களுக்கும் தேடினால் அகப்படும். பார்ட் நம்பரோடு போவதைவிடப் பழைய ஹோஸைக் கையில் எடுத்துக்கொண்டு போவது நல்லது. அறுத்த துண்டுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கும் பழக்கம் இருந்தால், ஹோஸுக்கு மட்டும் அதைச் செய்யாதீர்கள். கழற்றிப் போட்ட வண்டியின் ஹோஸ் உங்கள் ஹோஸின் வயதுதான்.

மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் நேர் ஹோஸ் மலிவு. உள்விட்டம் பெரும்பாலும் 16 மி.மீ.; சில வண்டிகளில் 19. கண்ணளவில் வாங்காமல் குழாயை வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள். நீளமாகவும் மெல்லிய வளைவாகவும் போகிற இடத்துக்கு இது தாராளமாகப் போதும். தொண்ணூறு டிகிரி திருப்பம் இருந்தால் மடிந்து ஓட்டம் அடைபடும். வாங்கும்போது ஹீட்டர் ஹோஸ் அல்லது கூலண்ட் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் ஹோஸ் வெந்நீரில் சீக்கிரம் விறைத்துப்போகும். கண்ணாடி மாதிரித் தெரியும் பின்னல் போட்ட பி.வி.சி. ட்யூப் அந்தச் சூட்டில் குழைந்துவிடும்.

சிலிகான் ஹோஸ் நீலமும் சிவப்புமாகப் பளபளக்கும். சூட்டில் நெடுநாள் தாங்கும், குழாயில் அவ்வளவாக ஒட்டாது, அடுத்த தடவை சுலபமாகக் கழலும். ஆனால் விலை பல மடங்கு. வழக்கமான திருகு கிளாம்பின் பற்கள் மிருதுவான சிலிகானை அறுத்துவிடும் என்பதால், உள்ளே வழவழப்பான பட்டை வைத்த கிளாம்பைத் தனியாக வாங்க வேண்டும். ஆயில் இதற்கும் ஆகாது. தினசரி ஓட்டும் பழைய வண்டிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். காட்சிக்கு வைக்கிற வண்டி என்றால் அது உங்கள் ஆசை.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. ஒன்று கூலண்ட்: வடித்ததைத் திரும்ப ஊற்றுவதைவிடப் புதிது ஊற்றுவது நல்லது. இரண்டாவது, காற்றை வெளியேற்றும் வேலை. ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் (கூலண்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்து குமிழிகள் நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டு மூடினால் டாஷ்போர்டுக்குப் பின்னால் சலசலவென்று ஓடை ஓடுகிற சத்தம் கேட்கும். காயிலில் காற்று நிற்கிறது என்று அர்த்தம்.

## முனையை விட்டுவிட்டு நடுவில் ஜாயின்ட்

ஒட்டிய முனையைத் தொடவே வேண்டாம். ஃபயர்வாலிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் விட்டு ஹோஸை வெட்டி, நடுவில் ஒரு பித்தளை ஜாயின்ட் வைத்து, அதன் மறுபக்கம் புது ஹோஸை மாட்டுவது. அரை மணி வேலை. குழாய்க்கு ஓர் ஆபத்தும் இல்லை.

ஊட்டிக்குப் போகும் கல்லட்டி ஏற்றத்தில் ஹோஸ் வெடித்து நிற்பவருக்கு இதுதான் சரி. நடுவில் எதிலோ உரசி ஓட்டை விழுந்த ஹோஸுக்கும் சரி, முனைகள் நல்ல நிலையில் இருந்தால். ஆனால் முனையிலேயே கசிந்தது என்றால், நோய் இருக்கிற பகுதியை அப்படியே விட்டுவிட்டு நல்ல பகுதியை மாற்றியதாகத்தான் ஆகும்.

ஜாயின்ட் துண்டில் கவனம் வேண்டும். இரு முனையிலும் விளிம்பு இல்லாத வெறும் செம்புக் குழாய்த் துண்டு, அழுத்தம் ஏறும்போது நழுவிவிடும். இரும்பு துருப்பிடித்துக் கூலண்டைச் சிவக்க வைக்கும். பிளம்பிங் கடையின் வெள்ளை பி.வி.சி. வேண்டவே வேண்டாம். பித்தளை, அல்லது வண்டிக்கென்றே செய்த நைலான். ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் இரண்டு கிளாம்ப் கூடுகிறது, அதாவது கசியக்கூடிய இடம் இரண்டு கூடுகிறது. ஊர் வந்து சேர்ந்ததும் இதை நிரந்தரம் என்று மறந்துவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு.

## பைபாஸ்: சமவெளியின் செல்லப்பிள்ளை

எஞ்சினிலிருந்து காயிலுக்குப் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் ஃபயர்வாலுக்கு இந்தப்பக்கமே இணைத்துவிடுவது பைபாஸ். தண்ணீர் காயிலுக்குப் போகாமல் சுற்றித் திரும்பிவிடும். இதைத் திட்டுபவர்கள் நிறைய. நான் திட்ட மாட்டேன். கூலண்டின் தித்திப்பு வாசனை கேபினுக்குள் வருகிறது, கண்ணாடியின் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒரு படலம் படிகிறது, துடைத்தால் போக மறுக்கிறது, முன்சீட்டு மேட் ஈரம் என்றால் காயில் கசிகிறது. மதுரையில் ஓடும் வண்டிக்கு அந்தக் காயிலுக்காக டாஷ்போர்டைப் பிரிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

மேட் ஈரத்தை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். ஏ.சி.யின் தண்ணீர் வெளியேறும் ட்யூப் அடைத்தாலும் அதே இடம்தான் நனையும். தொட்டுப் பாருங்கள். நிறமில்லாமல் வெறும் தண்ணீர் என்றால் ஏ.சி.யிலிருந்து வந்தது; வழவழப்பும் நிறமும் தித்திப்பு வாடையும் இருந்தால் கூலண்ட். ட்யூபில் அடைத்த தூசிக்காகக் காயிலைப் பைபாஸ் போட்ட வண்டிகள் உண்டு.

ஏ.சி.க்கு இதில் ஒரு லாபமும் இருக்கிறது. பழைய வண்டிகளில் சூடும் குளிரும் கலக்கும் மடல் சரியாக மூடாமல், வெந்நீர் ஓடும் காயில் ஏ.சி. காற்றைச் சுட வைத்துக்கொண்டிருக்கும். பைபாஸ் போட்டதும் கூலிங் கூடிவிட்டது என்று பலர் சொல்வது கற்பனை அல்ல.

இழப்பைப் பார்க்கலாம். மலையேறும்போது டெம்பரேச்சர் முள் ஏறினால், ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்து, புளோயரை உச்சத்தில் வைப்பது பழைய டிரைவர்கள் கைப்பழக்கம். காயில் ஒரு குட்டி ரேடியேட்டராக வேலை செய்யும். கால் வெந்தாலும் எஞ்சின் பிழைக்கும். பைபாஸ் வண்டியில் அந்த வசதி இல்லை. பனிமூட்டத்தில் உள்கண்ணாடி மங்கினால் ஏ.சி. காற்று ஈரத்தை உறிஞ்சித் துடைக்கும் என்பது உண்மை, ஆனால் ஊட்டியில் டிசம்பர் இரவில் அந்தக் குளிர்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு எத்தனை கொண்டை ஊசி வளைவு இறங்குவீர்கள்?

போடுகிற விதத்திலும் தப்பு நடக்கிறது. இரண்டு முனையிலும் போல்ட்டைத் திணித்து அடைத்துவிடுகிறார்கள். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றிவர உதவுவதே இந்த ஹீட்டர் பாதைதான். அடைத்தால் எஞ்சினுக்குள் சூடு சமமாகப் பரவாது, தெர்மோஸ்டாட்டுக்கும் சரியான சூடு தெரியாது. ஆகவே வளைவு ஹோஸ் போட்டு இணைத்துத்தான் விட வேண்டும். காயிலின் இரண்டு குழாய்க்கும் ரப்பர் மூடி போடச் சொல்லுங்கள். அதற்கு முன் உள்ளே நல்ல தண்ணீர் விட்டு அலசி, காற்றடித்துக் காய வைக்கச் சொல்லுங்கள். தேங்கிய பழைய கூலண்டோடு விட்டால், நாளைக்குத் திரும்ப இணைக்க நினைக்கும்போது நல்ல காயிலும் பொத்தலாகியிருக்கும். ஹோஸ் ஒட்டிக்கொண்டது என்ற ஒரே காரணத்துக்காக, கசியாத காயிலைப் பைபாஸ் போடுகிறவர்கள் இதை இரண்டு தடவை யோசிக்க வேண்டும். குழாய்மேல் உள்ள துண்டை அறுப்பது அவ்வளவு பெரிய வேலை இல்லை.

வண்டியை விற்கும்போது பைபாஸை மறைக்காதீர்கள். வாங்குபவர் கூடலூர்க்காரராக இருந்தால் முதல் குளிரிலேயே தெரிந்துவிடும்.

## காயிலையே மாற்றுவது

குழாயில் குழி விழுந்துவிட்டது, ஹீட்டர் போட்டாலும் இளஞ்சூடுதான் வருகிறது, கேபினில் வாசனை இருக்கிறது, வண்டி மலையில்தான் ஓடுகிறது. இப்படிச் சேர்ந்து வந்தால் ஹோஸோடு காயிலையும் மாற்றிவிடலாம். ஒட்டிய ஹோஸைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், பழைய காயிலோடு சேர்த்து அறுத்து எறியலாம்.

செலவு பாகத்தில் இல்லை, டாஷ்போர்டில் இருக்கிறது. இருபது வருஷ வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் தொட்டால் உடையும். திரும்ப மாட்டிய பிறகு குண்டும் குழியுமான ரோட்டில் ஏதாவது ஒரு மூலை கடகடத்துக்கொண்டே இருக்கும். சில மாடல்களில் ஏ.சி. குழாயையும் கழற்ற வேண்டி வரும், அப்போது கேஸ் செலவும் சேரும். பித்தளைக் காயில் என்றால் மாற்றுவதற்கு முன் ரேடியேட்டர் வேலை செய்யும் கடையில் காட்டுங்கள். பற்றவைத்துத் தருவார்கள். அலுமினியம் என்றால் புதிதுதான்.

## எனக்குப் படுவது

ஹோஸ் மட்டும் கெட்டு, காயில் நன்றாக இருந்தால் எந்த ஊராக இருந்தாலும் அறுத்து எடுத்துவிட்டு இரண்டு ஹோஸையும் புதிதாகப் போடுங்கள். காயிலும் கசிந்தால் ஊரைப் பொறுத்து: சமவெளி என்றால் ஒழுங்கான பைபாஸ், மலை என்றால் காயில். ஒரு வருஷத்துக்குள் விற்கப்போகும் வண்டிக்கும், ஹோஸ் முனையில் கசிவு இருந்தால் ஜாயின்ட் போட்டுச் சமாளிக்க வேண்டாம்.

எதுவுமே செய்யாமல் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கசியும் ஹோஸ் அழுத்தத்தைத் தாங்காது. கடல் மட்டத்தில் 0.9 கிலோ அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி சரியாக வேலை செய்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் அழுத்தம் இல்லையென்றால் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட் திறப்பதே பல எஞ்சின்களில் 82 அல்லது 88. இடைவெளி எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஹோஸ் முழுசாகப் பிளந்தால் சில நிமிஷத்தில் கூலண்ட் காலியாகும். சென்ஸாரைச் சுற்றித் தண்ணீர் இல்லாமல் போனால் டெம்பரேச்சர் முள் ஏறாமல் இறங்கக்கூடும். முள் கீழே இருக்கிறதே என்று நம்பி ஓட்டினால், எஞ்சினின் ஹெட்டைக் கழற்றி ஃபேஸிங் போடுகிற (கோணிய முகத்தைச் சமப்படுத்துகிற) செலவில் போய் நிற்கும்.

## வேலை நாளன்று

எஞ்சின் முழுசாக ஆறியிருக்க வேண்டும், இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவது உத்தமம். எந்த ஹோஸ் எந்தக் குழாயில் இருந்தது என்று டேப் ஒட்டி அடையாளம் வைத்து, போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வடியும் கூலண்டைத் தட்டில் பிடித்து மூடி வையுங்கள். தித்திப்பாக இருப்பதால் தெருநாயும் பூனையும் நக்கும், எத்திலீன் கிளைக்கால் அவற்றைக் கொன்றுவிடும்.

புது ஹோஸை மாட்ட, உள்முனையைக் கூலண்டிலேயே நனைத்தால் போதும், வழுக்கிக்கொண்டு ஏறும். கிரீஸ், எஞ்சின் ஆயில் வேண்டாம். கேஸ்கெட் பேஸ்ட்டும் வேண்டாம், அடுத்த தடவை இதே கட்டுரையைத் தேட வேண்டி வரும். கிளாம்ப் குழாயின் விளிம்புக்குப் பின்னால் உட்கார வேண்டும், விளிம்பின் மேலேயோ ஹோஸின் நுனியிலோ அல்ல. வண்டியோடு வந்த ஸ்பிரிங் கிளாம்ப் துருப்பிடித்திருந்தால் அதே அளவில் புதிது வாங்குங்கள். சூட்டுக்குத் தக்க தானாகவே இறுக்கத்தைச் சரிசெய்துகொள்ளும் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். திருகு கிளாம்ப் போட்டால் முதல் நாளே மல்லுக்கட்டி இறுக்காதீர்கள். ஒருமுறை நன்றாக ஓட்டி, மறுநாள் காலை ஆறிய பிறகு பார்த்தால் ரப்பர் அமுங்கி அரைச்சுற்று தளர்ந்திருக்கும். அப்போது ஒரு தடவை இறுக்கிவிட்டு, டேங்கின் அளவுக் கோட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.